மடித்து வெட்டாத உடல்

அன்புள்ள ஐயா,

சேலம் அம்மாப்பேட்டையில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். பிளவுஸ், சுடிதார், ஜூன் வந்தால் பள்ளிச் சீருடை. இருபது வருடமாக டேப் பிடிக்கிறேன். ஒருவருக்குக்கூட இரண்டு தோளும் ஒன்றுபோல இருந்து பார்த்ததில்லை. அநேகமாக வலது தோள்தான் இறங்கியிருக்கிறது. அது ஏன், அதற்கு எப்படி வெட்டுவது? பிளவுஸில் இடப்பக்கம் பிடிக்கிறது என்று திரும்பி வருகிறவர்களும் உண்டு. இதயம் அந்தப் பக்கம் இருப்பதால் என்கிறார் என் மாமியார்.

போன மாதம் மாமனாருக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தோம். வலப்பக்க உதரவிதானம் இடப்பக்கத்தைவிடக் கொஞ்சம் மேலே இருப்பதாக எழுதியிருந்தது. பிரஷரும் இரண்டு கையில் இரண்டு விதமாகக் காட்டுகிறது. பயப்பட வேண்டுமா?

ஏற்காட்டில் ஒரு விடுதிப் பள்ளிக்குச் சீருடை அளவெடுக்கப் போனபோது, எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு வலது தோள்பட்டை எலும்பு முதுகில் துருத்திக்கொண்டு நின்றது. யாரிடமும் சொல்லாமல் வந்துவிட்டேன். கடைசியாக ஒன்று. என் மகள் இடக்கைக்காரி. கத்தரி பிடித்தால் துணி மடங்கிக் கடிபடுகிறது. வலக்கைக்கு மாற்று என்கிறார்கள்.

ஒரு வாசகி
சேலம்

அன்புள்ள சகோதரிக்கு,

ஏற்காட்டுப் பெண்ணைப் பற்றி முதலில் பேசிவிடுவோம். மற்றவை காத்திருக்கலாம், இது காத்திருக்காது. பள்ளிக்குப் போன் செய்து விடுதிக் காப்பாளரிடம் சொல்லுங்கள். பத்து வயதுக்கு மேல், உயரம் சட்டென்று கூடும் பருவத்தில், சில பிள்ளைகளுக்கு முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து, கூடவே முறுக்கிக்கொள்ளும். ஸ்கோலியோசிஸ் என்பார்கள். நெஞ்சுப் பகுதியில் வருகிற வளைவு பெரும்பாலும் வலப்பக்கம் புடைக்கும். விலா எலும்புகள் பின்னால் தள்ளப்பட, அவற்றின் மேல் கிடக்கிற வலது தோள்பட்டை எலும்பு வெளியே நிற்கும். நீங்கள் பார்த்தது அதுவாக இருக்கக்கூடும்.

உறுதிப்படுத்த ஒரு நிமிடச் சோதனை உண்டு. பாதங்களைச் சேர்த்து, முழங்காலை மடக்காமல், இரு உள்ளங்கைகளையும் சேர்த்துத் தொங்கவிட்டபடி, முதுகு தரைக்குக் கிடையாக வரும்வரை முன்னால் குனியச் சொல்ல வேண்டும். பின்னாலிருந்து கண்ணை முதுகின் மட்டத்துக்கு இறக்கிப் பாருங்கள். ஒரு பக்க விலா மேடாகத் தெரிந்தால் மருத்துவரிடம் போயாக வேண்டும். உட்கார்ந்து குனியும்போது மேடு மறைந்துவிட்டால் குறை முதுகில் இல்லை, கால்களின் நீள வித்தியாசத்தில் இருக்கிறது. பெண் ஆசிரியர் ஒருவர் உடனிருக்க, தனி அறையில் செய்ய வேண்டிய காரியம் இது. கூன் என்ற சொல்லை அந்தப் பெண்ணின் காதில் விழவிடாதீர்கள்.

அவசரம் ஏன் என்றால், வளைவு பத்து டிகிரியைத் தொட்டாலே ஸ்கோலியோசிஸ் என்று பெயர், ஆனால் அந்த அளவில் கண்காணிப்பு மட்டும் போதும். 25 டிகிரிக்கு மேல், 40க்குள் என்றால் பெல்ட் போடுவார்கள். எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும்போதுதான் பெல்ட்டுக்கு வேலை. வயதுக்கு வந்து இரண்டு வருடத்தில் பெண்களின் உயர வளர்ச்சி ஏறக்குறைய முடிந்துவிடும். பிறகு பெல்ட் போட்டுப் பயனில்லை. 50ஐத் தாண்டினால் அறுவை சிகிச்சைப் பேச்சு வரும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் எலும்புப் பிரிவிலேயே காட்டலாம். நிற்க வைத்து முழு முதுகெலும்பையும் எக்ஸ்ரே எடுத்து டிகிரி அளப்பார்கள். கனமான புத்தகப் பையால் வந்தது என்று பெற்றோரை யாராவது குற்றம் சொன்னால் நம்ப வேண்டாம். பையால் தோள் வலிக்கும், ஆனால் இந்த முறுக்கு வராது.

இனி உங்கள் மாமனார். உதரவிதானம் என்பது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்திரை. பெரும்பாலோருக்கு வலப்பக்கத்தில்தான் அது சற்று மேலே இருக்கும், ஒன்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் வரை. மூன்றைத் தாண்டினால்தான் கேள்வி கேட்பார்கள். கீழிருந்து கல்லீரல் முட்டுக்கொடுப்பதால் என்று சொல்வது வழக்கம். இதயம் மேலிருந்து இடப்பக்கத்தைத் தாழ்த்தி வைத்திருப்பது என்பது இன்னும் பொருத்தமான காரணம். இதயம் மட்டும் வலப்பக்கம் மாறி, கல்லீரல் தன் இடத்திலேயே இருக்கிறவர்களுக்கு வலப்பக்கம்தான் தாழ்ந்திருக்கிறது. எக்ஸ்ரே பிலிமை எதிரே நிற்கிறவரைப் பார்ப்பதுபோலப் பார்க்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். உங்கள் இடக்கைப் பக்கம் தெரிவது அவருடைய வலப்பக்கம்.

உடம்புக்குள் இருக்கிற இடவல வித்தியாசம் வேறு, தோளில் நீங்கள் காண்பது வேறு. இரண்டையும் ஒரே கூடையில் போடுவதால்தான் இத்தனை பயமும் வருகிறது. நீங்கள் துணியை இரண்டாக மடித்து ஒரே வெட்டில் இரு பக்கத்தையும் எடுக்கிறீர்கள் அல்லவா, கரு தன் வெளி உடம்பை ஏறக்குறைய அப்படித்தான் வெட்டுகிறது. உள்ளே மட்டும் மடிக்காமல் வெட்டுகிறது. அந்த வெட்டு கருவின் மூன்றாவது வாரத்தில் விழுகிறது. அப்போது தட்டுப்போல இருக்கும் கருவில் சிறு குழி ஒன்று இருக்கிறது. அதிலுள்ள செல்கள் ஒவ்வொன்றிலிருந்தும் மெல்லிய மயிர் ஒன்று நீட்டிக்கொண்டு கடிகார முள் திசையில் சுழலும். அந்த மயிர்கள் சாய்ந்திருப்பதால் குழியின் திரவம் இடப்பக்கமாக ஓடும். எது இடம் என்று உடம்புக்கு முதலில் தெரிவது இந்த ஓட்டத்தால்தான். எலிக் கருவில் இதை 1998ல் தோக்கியோவில் நொபுதாக்கா ஹிரோக்காவாவின் ஆய்வுக்குழு காட்டியது. ஓட்டம் நின்றுபோனால் உறுப்புகள் எந்தப் பக்கம் போகும் என்பது காசு சுண்டுவதுபோல ஆகிவிடும். மயிர்கள் அசையாத பரம்பரை நோய் உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு எல்லா உறுப்புகளும் இடம்வலமாகத் திரும்பியிருப்பதற்கு இதுதான் காரணம். பொதுவில் பத்தாயிரத்தில் ஒருவர் அப்படித் திரும்பிய உடம்போடு பிறக்கிறார். பலர் குறையொன்றும் இல்லாமல் வாழ்ந்துவிடுகிறார்கள். ஆனால் குடல்வால் வலி அவர்களுக்கு இடது அடிவயிற்றில் வரும். ஆகவே எந்த மருத்துவரிடம் போனாலும் அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

அந்த இடப்பக்கச் செய்தி வெளித்தசைக்கும் விலாவுக்கும் முதுகெலும்புக்கும் போய்ச் சேர்ந்தால் உடம்பு கோணிவிடும். வைட்டமின் ஏ-யிலிருந்து உடம்பு செய்துகொள்ளும் ரெட்டினாயிக் அமிலம் அதைத் தடுத்து, இரு பக்கமும் சேர்ந்தாற்போல வளர வைக்கிறது. கோழி, எலி, மீன் கருக்களில் 2005ல் கண்டது இது. உள்ளே நிலைமையே வேறு. வலது நுரையீரலுக்கு மூன்று மடல், இடதுக்கு இரண்டு. வலது மூச்சுக்குழல் அகலமாக, குட்டையாக, செங்குத்தாக இறங்கும். புரையேறி உள்ளே போகிற வேர்க்கடலை அதிகமும் வலப்பக்கம் போய் மாட்டுவது அதனால்தான். இடது சிறுநீரகம் வலதைவிடச் சற்று மேலே இருக்கிறது. அதன் சிரை நீளமானது என்பதால் தானம் கொடுப்பவரிடமிருந்து பெரும்பாலும் இடதைத்தான் எடுக்கிறார்கள். திருச்செங்கோட்டில் அம்மையும் அப்பனும் நடுக்கோட்டில் சரிபாதியாகப் பிரிந்து நிற்கிறார்கள். மனித உடம்புக்குள் அப்படி ஒரு நேர்க்கோடு போடவே முடியாது. இதயமே மூன்றில் இரண்டு பங்கு இடப்பக்கமும் ஒரு பங்கு வலப்பக்கமுமாகக் கிடக்கிறது.

பிரஷரில் பத்து புள்ளிவரை வித்தியாசம் சாதாரணம். இரண்டு மூன்று முறை அளந்தும் 15க்கு மேல் நின்றால், குறைவாகக் காட்டும் கைக்குப் போகும் தமனியில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இனி எப்போதும் அதிகம் காட்டும் கையிலேயே அளக்க வேண்டும். உங்கள் தொழிலுக்கு வேண்டிய ஒன்றும் இதில் உண்டு. பிளவுஸின் இறுக்கமான கையை மேலே ஏற்றிவிட்டு அளந்தால் அதுவே கயிறு கட்டியதுபோல ஆகி அளவைக் கெடுத்துவிடும். வயதான அம்மாக்களுக்குக் கையைக் கொஞ்சம் தளர்வாகவே தையுங்கள்.

தோள் விஷயத்துக்கு வருவோம். இது கருவில் விழுந்த வெட்டு அல்ல, பழக்கம் இழுத்த கோணல். வலக்கைக்காரர்களில் பெரும்பாலோருக்கு வலத்தோள் தாழ்ந்து, வலது இடுப்பு ஒரு பொட்டு உயர்ந்திருக்கும். எந்தக் கை அதிகம் வேலை செய்கிறதோ அந்தப் பக்கத் தோள் இறங்கும், முன்கை பருக்கும். உங்கள் தெருவில் தறி நெய்பவர்களையே பாருங்கள். குழித்தறியில் ஒரு கை கயிற்றை இழுக்கிறது, மறு கை பலகையை அடிக்கிறது. நாள் முழுக்க இரண்டு கைக்கும் இரண்டு வேலை.

வெட்டும் முறை இது. இடுப்பில் ஒரு நாடாவைத் தரைக்குக் கிடையாகக் கட்டுங்கள். பையைக் கீழே வைத்துவிட்டு நேராகப் பார்க்கச் சொல்லுங்கள். டேப்பைக் குனிந்து பார்த்தால் அந்தப் பக்கத் தோள் இறங்கி அளவு பொய்யாகிவிடும். தோள் நுனியிலிருந்து நாடாவரை இரு பக்கமும் முதுகில் அளந்துகொள்ளுங்கள். இரண்டு நூல், அதாவது கால் இன்ச், வித்தியாசத்தை விட்டுவிடலாம். அரை இன்ச் இருந்தால், துணியை வழக்கம்போல மடித்து உயர்ந்த தோளின் அளவுக்கு வெட்டுங்கள். பிறகு விரித்து, தாழ்ந்த பக்கத்தின் முன் துண்டிலும் பின் துண்டிலும் ஷோல்டர் நுனியை அரை இன்ச் இறக்குங்கள். சாய்கோடு கழுத்துப் பக்கம் ஒன்றுமில்லாமல் முடிய வேண்டும். கழுத்திலும் சேர்த்து இறக்கினால் கழுத்து அகன்று நழுவும். அடுத்தது பலர் மறப்பது. ஷோல்டரை இறக்கிய அதே அரை இன்ச்சைக் கைக்குழியின் அடியிலும் இறக்கியாக வேண்டும். இல்லாவிட்டால் குழி முன்னும் பின்னுமாக ஒரு இன்ச் சுருங்கி அக்குளில் பிடிக்கும், கையும் பொருந்தாது. இரண்டையும் சமமாக இறக்கினால் குழியின் சுற்றளவு மாறாது, கைத்துண்டைத் தொடவே வேண்டாம். வெட்டு தவறியிருக்கிறதா என்பதைத் துணியே காட்டிக்கொடுக்கும். தாழ்ந்த பக்கத்தில் கழுத்தோரத்திலிருந்து அக்குளை நோக்கிச் சாய்வாகச் சுருக்கம் விழும். முக்கால் இன்ச்சுக்கு மேல் வித்தியாசம் உள்ளவர்களுக்குத் தாழ்ந்த பக்கம் மெல்லிய பேட் வைத்துவிடுங்கள். அவ்வளவையும் வெட்டில் சரிசெய்தால் கோணல் இன்னும் எடுப்பாகத் தெரியும்.

அளவு பிளவுஸை வைத்து வெட்டுவதில் இதனால்தான் எனக்கு உடன்பாடில்லை. அதுவும் யாரோ மடித்து வெட்டியதுதானே. அதை அளந்து அந்த ஆளின் இடவலத்தை அறிய முடியாது.

மாமியார் சொல்வதில் பாதி சரி. இடது மார்பு சற்றுப் பெரிதாக இருப்பது பெண்கள் பலருக்கு உண்டு, மாறி இருப்பவர்களும் உண்டு. ஆனால் இதயத்துக்கு இதில் பங்கில்லை. நடுவே விலாவும் நெஞ்செலும்பும் இருக்கின்றன, இதயம் எதையும் வெளியே தள்ளுவதில்லை. கழுத்தோர ஷோல்டரிலிருந்து மார்பு முனைவரை இரு பக்கமும் தனித்தனியே அளந்து, பெரிய பக்கத்துக்கு வெட்டி, சிறிய பக்கத்தின் டாட்டில், அதாவது துணியை மடித்துப் பிடிக்கும் தையலில், மிச்சத்தைப் பிடித்துவிடுங்கள். வழக்கமாக வருகிற ஒருவருக்குச் சில மாதத்துக்குள் ஒரு பக்க அளவு மட்டும் மாறியிருந்தால் அதை டாட்டில் சரிக்கட்டிவிட்டுச் சும்மா இருக்க வேண்டாம். அளவு மாறியிருக்கிறது, ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள் என்று சொல்லுங்கள். இதைச் சொல்லக்கூடிய இடத்தில் இருப்பவர்கள் தையல்காரர்களைத் தவிர அநேகமாக யாருமில்லை.

மகளை மாற்றாதீர்கள். பத்தில் ஒருவர் இடக்கைக்காரர்தான். அவர்கள் மூளை திருப்பி வைத்த மூளை என்பதும் சரியல்ல. வலக்கைக்காரரில் நூற்றுக்கு 95 பேருக்குப் பேச்சு மூளையின் இடப்பாதியில் இருக்கிறது என்றால், இடக்கைக்காரரிலும் 70 பேருக்கு அங்கேதான். மாற்ற வேண்டியது கத்தரியை. வலக்கைக் கத்தரியை வலக்கையில் பிடித்தால், விரல்கள் அழுத்தும் திசை இரண்டு அலகையும் ஒன்றோடொன்று நெருக்கும். இடக்கையில் அதே அழுத்தம் அலகுகளை விலக்கும், நடுவில் துணி மடங்கிவிடும். மேல் அலகு சாக்பீஸ் கோட்டையும் மறைத்துவிடும். கேட்டால் இடக்கைக் கத்தரி என்றே விற்கிறார்கள். அதில் அலகுகள் எதிர்மாறாகப் பொருத்தப்பட்டிருக்கும். பிடியை மட்டும் மாற்றிவிட்டு அப்படிச் சொல்லி விற்பதும் உண்டு. இடக்கையில் பிடித்து நுனியை மேலே தூக்கிப் பாருங்கள், மேல் அலகு இடப்பக்கம் இருக்க வேண்டும். மெஷினில் அவளுக்குச் சிரமமிருக்காது. சக்கரத்தைத் தொட மட்டும் வலக்கை, துணியை நடத்துவதில் பெரும்பங்கு இடக்கைக்குத்தான். கையால் ஹெம்மிங் செய்யும்போது நீங்கள் வலமிருந்து இடமாகப் போவீர்கள், அவள் இடமிருந்து வலமாகப் போவாள். அதனால் சொல்லிக்கொடுக்கும்போது பக்கத்தில் உட்காராமல் எதிரே உட்காருங்கள். உங்கள் கை அவளுக்குக் கண்ணாடியில் தெரிவதுபோலத் தெரியும், அப்படியே பார்த்துப் போடலாம்.