‘பசுமை’ என்று எழுதினால் ஆயிற்றா? வணிக எழுத்து ஆசிரியர்களின் கேள்விகள்

கேள்வி: மேடம், நான் பல்கலைக்கழகத்தில் வணிக எழுத்து எடுக்கிறேன். சுற்றுச்சூழல் என் துறையே இல்லை. கடிதம், மெமோ சொல்லித்தரும் வகுப்பில் நிலைத்தன்மைக்கு என்ன வேலை?

பதில்: சுற்றுச்சூழலை நீங்கள் நடத்த வேண்டாம், எழுத்தையே நடத்துங்கள். நிறுவனத்தின் நிலைத்தன்மை அறிக்கை, சப்ளையருக்கு வரும் கேள்வித்தாள், பாக்கெட்டில் ஒட்டும் லேபிள் எல்லாவற்றையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதத்தானே வேண்டும்? நாளைக்கு அது உங்கள் மாணவராக இருக்கலாம். நாளைய தலைமுறையின் தேவைக்குக் குறை வைக்காமல் இன்றைய தேவையைப் பூர்த்தி செய்வதுதான் நிலைத்தன்மை. இப்படிச் சொல்லும், 1987-இல் வந்த ஐ.நா. ஆணையத்தின் புருண்ட்லாண்ட் அறிக்கையின் வரையறையை ஒரு முறை வாசித்துக் காட்டினால் போதும். தயவுசெய்து மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள்.

கேள்வி: முதல் பயிற்சியாக எதைக் கொடுக்கலாம்?

பதில்: நான் பலகையில் ஒரே ஒரு வாக்கியம் எழுதுவேன்: “எங்கள் நிறுவனம் கார்பன் உமிழ்வைக் கணிசமாகக் குறைத்துள்ளது.” எவ்வளவு, எந்த ஆண்டோடு ஒப்பிட்டு, எதிலிருந்து வரும் உமிழ்வு என்று மாணவர்களே குடைய வேண்டும். இங்கேதான் ஸ்கோப் 1, 2, 3 தேவைப்படும், அதாவது உமிழ்வு எங்கிருந்து வருகிறது என்று பிரிக்கும் மூன்று வகை. சொந்த பாய்லரும் வண்டியும் 1. வாங்கும் மின்சாரம் 2. மூலப்பொருள் முதல் வாடிக்கையாளர் பொருளைப் பயன்படுத்துவது வரை மற்றதெல்லாம் 3. பல நிறுவனங்களுக்குப் பெரும்பங்கு மூன்றாவதில்தான் இருக்கும்.

அப்புறம் ஒரு கணக்கு. ஒரு பொருளுக்கான உமிழ்வு 10 சதவீதம் குறைந்தது, உற்பத்தி 30 சதவீதம் கூடியது என்று வையுங்கள். மொத்த உமிழ்வு 17 சதவீதம் ஏறியிருக்கும்! “குறைத்துள்ளது” என்பது பொய்யா, உண்மையா? என் வகுப்பில் இதற்கே ஒரு மணி நேரம் போய்விடும். கடைசியில் யாராவது “ஒரு பொருளுக்கு” என்ற இரண்டு சொல்லைச் சேர்ப்பார். உடனே இன்னொருவர், மொத்தத்தையும் பக்கத்திலேயே சொல்ல வேண்டாமா என்று எழுந்து நிற்பார். பாடம் அங்கேதான் சூடுபிடிக்கும்.

கேள்வி: கிரீன்வாஷிங்கை, அதாவது இல்லாத பசுமையைப் பூசிக்காட்டுவதை, எப்படி விளக்குவது?

பதில்: விடுதி அறைகளில் “பூமியைக் காக்கத் துண்டை மறுபடி பயன்படுத்துங்கள்” என்று அட்டை இருக்குமே, அதை வைத்துத்தான் அமெரிக்கச் சுற்றுச்சூழல் ஆர்வலர் ஜே வெஸ்டர்வெல்ட் 1986-இல் இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். துவைக்கும் செலவு மிச்சமாவதை அட்டை சொல்வதில்லை. அந்த அட்டையை நேர்மையாகத் திருத்தி எழுதச் சொல்லுங்கள். நாலு வரிதான், ஆனால் சுலபமில்லை. இதில் சட்டமும் வந்துவிட்டது. ஆதாரமில்லாமல் ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்று பொத்தாம்பொதுவாக விளம்பரம் செய்வதை 2024-இல் ஐரோப்பிய ஒன்றியம் தடைசெய்தது. 2026 செப்டம்பர் முதல் அது அமலாக வேண்டும்.

கேள்வி: இது பிரச்சாரம் என்று மாணவர்கள் முறைக்கிறார்களே?

பதில்: பாதி நேரம் அவர்கள் சொல்வது சரிதான். நம்பிக்கைக்கு மார்க் போட்டால் பிரச்சாரமாகிவிடும். ஒரே தரவைக் கொடுத்து முதலீட்டாளருக்கு, வாடிக்கையாளருக்கு, ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவருக்கு என்று மூன்று கடிதம் எழுதச் சொல்லுங்கள். தொனி மாறலாம், எண் மாறக் கூடாது. ஆலைக்கார முதலாளி மாதிரி யோசிக்கும் மாணவர்கூட மூன்றாவது கடிதத்தில் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

கேள்வி: காகிதமே இல்லாத வகுப்பு நடத்தலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் கடிதத்தைத் திருத்தும்போது எனக்கு இன்னும் சிவப்புப் பேனாதான் வேண்டும்.