ஹாரிமன் ஸ்டேட் பார்க்: ஏரி, மலை, உண்ணி – கேள்வி பதில்

நியூயார்க் நகரத்துக்கு வடக்கே, காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறது ஹாரிமன் ஸ்டேட் பார்க். பல வருடங்களாக அங்கே நடந்து திரிகிறவன் என்பதால் நண்பர்கள் கேள்விகளை என்னிடம் தள்ளிவிட்டார்கள் (அடைப்புக்குறிக்குள் இருப்பது கேட்டவர்களின் ஊர்). எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (எடிசன்): அண்ணா, பிள்ளைகளோடு வருகிறோம். அரை நாளில் முழுவதும் பார்த்துவிடலாமா?

முடியாதும்மா. 47,000 ஏக்கருக்கு மேல் பரந்த காடு அது. நியூயார்க் மாநிலப் பூங்காக்களில் அலகேனிக்கு அடுத்தபடியாகப் பெரியது. 31 ஏரிகளும் நீர்த்தேக்கங்களும், 200 மைலுக்கு மேல் நடைபாதைகளும் இருக்கின்றன. அரை நாளில் ஒரு ஏரி, ஒரு சின்ன மலை, அவ்வளவுதான். செவன் லேக்ஸ் டிரைவ் சாலையில் காரில் ஒரு ரவுண்டு அடித்து, ஏரிக்கரையில் பிரியாணிப் பாத்திரத்தைத் திறந்து, நாலு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்கள்தான் அதிகம். அதில் தப்பில்லை. ஆனால் சாலையை விட்டு அரை மைல் உள்ளே போனால் கூட்டமும் இல்லை, ஸ்பீக்கர் சத்தமும் இல்லை. பிள்ளைகளை அங்கேதான் கூட்டிப்போக வேண்டும்.

கேள்வி (பரமஸ்): இந்த ஏரிகள் எல்லாம் இயற்கையாக உண்டானவையா?

பெரும்பாலானவை அணை கட்டித் தேக்கியவை. பார்த்தால் அப்படித் தெரியாது. கரை வரைக்கும் மரம், நடுவில் பாறைத் தீவு என்று ஆதியிலிருந்தே அங்கே இருந்ததுபோலத்தான் இருக்கும்.

இதில் ஒரு கதை இருக்கிறது. 1900களின் தொடக்கத்தில் பக்கத்திலுள்ள பேர் மவுண்டன் என்ற மலைப் பகுதியில் பெரிய சிறைச்சாலை கட்ட மாநில அரசு முடிவெடுத்து, கைதிகளைக் கொண்டுவந்து வேலையும் தொடங்கிவிட்டது. ரயில்வே முதலாளி ஈ.எச். ஹாரிமன் 1909இல் இறந்தார். அடுத்த வருடம் அவர் மனைவி மேரி 10,000 ஏக்கர் நிலமும் 10 லட்சம் டாலரும் தருவதாகச் சொன்னார். சிறைத் திட்டத்தைக் கைவிட வேண்டும் என்பது நிபந்தனைகளில் ஒன்று. சிறை போனது, பூங்கா வந்தது. அன்று பத்திரத்தைக் கையளித்த மகன் ஆவெரெல், பிற்காலத்தில் அதே நியூயார்க் மாநிலத்துக்கு ஆளுநர் ஆனார்.

அதன்பின் பூங்காவை நடத்தியவர் வில்லியம் வெல்ச். நகரத்துப் பிள்ளைகள் கோடையில் வந்து தங்க முகாம்கள் வேண்டும், முகாம் என்றால் தண்ணீர் வேண்டும். சதுப்பும் குட்டையுமாகக் கிடந்த பள்ளங்களில் ஒவ்வொன்றாக அணை கட்டினார்கள். டியோராட்டி ஏரி, சீடர் குட்டைகள் என்று இருந்ததைத் தேக்கிப் பெரிதாக்கியது. வெல்ச் பெயரிலேயே இருக்கும் ஏரிக்காக சாண்டிஃபீல்ட்ஸ் என்ற சிற்றூரே காலியானது. நம் ஊரில் அணைக்காக ஊரைக் காலி செய்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி (ஜெர்சி சிட்டி): வெயில் தாங்கவில்லை. உள்ளே ஆளில்லாத ஏரியில் ஒரு முங்கு போட்டால் என்ன சார்?

கூடாது. உயிர்க்காப்பாளர் இருக்கும் கடற்கரை மாதிரி இடங்களில் மட்டும்தான் குளிக்கலாம். வெல்ச், டியோராட்டி இரண்டிலும் கோடையில் அந்த வசதி உண்டு. செபாகோ ஏரியின் பீச் 2011இல் ஐரீன் புயலில் சேதமாகி மூடியது. பழைய பதிவுகளைப் படித்துவிட்டு அங்கே போகாதீர்கள்.

தேக்கிய ஏரியில் கரையிலிருந்து இரண்டு எட்டு வைத்ததும் தரை சட்டென்று இறங்கும் இடங்கள் உண்டு. மேலே தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், இடுப்புக்குக் கீழே ஐஸ். நீச்சல் தெரிந்தவனுக்கே மூச்சு வாங்கும். கிணற்றில் குதித்துப் பழகினவன் என்ற தைரியம் இங்கே வேண்டாம் தம்பி.

கேள்வி (பிரின்ஸ்டன்): உண்ணிக்குப் பயந்துதான் நாங்கள் வருவதே இல்லை. உண்மையிலேயே அவ்வளவு மோசமா?

இந்தப் பகுதியில் கரடியை விட உண்ணிக்குத்தான் பயப்பட வேண்டும். அதற்காக வீட்டில் உட்கார வேண்டியதில்லை.

லைம் என்ற பாக்டீரியா நோயைப் பரப்புவது கருங்கால் உண்ணி. அதன் இளம் பருவம் கசகசா அளவுதான். மே முதல் ஜூலை வரை அது மும்முரமாக இருக்கும். புல் நுனியிலும் செடி ஓரத்திலும் காத்திருந்து, உரசிப் போகிற காலில் ஏறிக்கொள்ளும். மரத்திலிருந்து குதிக்காது. அதனால் பாதையின் நடுவில் நடங்கள். வெளிர் நிற முழுக்கால்சட்டை போட்டு, அதன் நுனியைச் சாக்ஸுக்குள் செருகிவிடுங்கள். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், காட்டில் யார் பார்க்கிறார்கள்? பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி மருந்தை உடுப்பிலும் ஷூவிலும் முன்பே அடித்துக் காய வைத்துக்கொள்ளலாம். தோலில் அடிக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, அக்குள், தொப்புள், காது மடலின் பின்புறம், தலைமுடி எல்லாம் விரலால் தடவிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். திருகாதீர்கள், தீக்குச்சி வைக்காதீர்கள், எண்ணெய் தடவாதீர்கள். பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் லைம் கிருமி உள்ளே இறங்கும், அன்றே எடுத்துவிட்டால் ஆபத்து மிகக் குறைவு. அடுத்த சில வாரங்களில் படர்ந்துகொண்டே போகும் சிவப்புத் தடிப்போ காய்ச்சலோ வந்தால் டாக்டரிடம் ‘உண்ணி கடித்தது’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி (நியூவார்க், மாணவர்): கார் இல்லை அண்ணா. வர வழி உண்டா?

உண்டு. செகாகஸ் ஸ்டேஷனில் மாறி போர்ட் ஜெர்விஸ் தடத்து ரயிலைப் பிடித்து ஸ்லோட்ஸ்பர்க் அல்லது டக்சீடோவில் இறங்கலாம். டக்சீடோ ஸ்டேஷன் பக்கத்திலேயே ராமப்போ–டண்டர்பெர்க் பாதை தொடங்குகிறது. திரும்பும் ரயில் நேரத்தை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் நடையைத் திட்டமிடு. வார இறுதியில் ஒரு வண்டியை விட்டால் வெகுநேரம் காத்திருக்க நேரிடும்.

கேள்வி (எடிசன், அதே அம்மா): எட்டு வயசுப் பையனுக்கும் அறுபது தாண்டிய மாமியாருக்கும் சேர்த்து ஒரு பாதை சொல்லுங்கள்.

ரீவ்ஸ் மெடோ தகவல் மையத்திலிருந்து பைன் மெடோ பாதை. ஸ்டோனி புரூக் ஓடை கூடவே வரும். மாமியாருக்குக் கால் வலித்தால் ஓடையோரப் பாறையில் உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிட்டுவிட்டு அங்கேயே திரும்பிவிடலாம், குறையே இருக்காது. தெம்பு இருக்கிறவர்கள் பைன் மெடோ ஏரி வரை போகலாம். அதுவும் 1930களில் வேலையில்லாத இளைஞர்களுக்காக அரசு அமைத்த சிசிசி படை அணை கட்டி உண்டாக்கியதுதான். பாதை முழுக்கக் கல்லும் வேரும், ஆகவே செருப்பு வேண்டாம். இலையுதிர்கால ஞாயிறுகளில் காலையிலேயே பார்க்கிங் நிரம்பிவிடும்.

‘லெமன் ஸ்க்வீசர்’ என்ற பாறை இடுக்கைப் பற்றி யாராவது சொல்லியிருப்பார்கள். பல மாநிலங்களைக் கடந்து போகும் அப்பலாச்சியன் நெடும்பாதையில், ஐலண்ட் பாண்ட் என்ற ஏரியின் பக்கம் இருக்கிறது. உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி நுழைந்து, அப்புறம் கையூன்றி ஏற வேண்டும். பையன் துள்ளுவான். மாமியாரை விட்டுவிடுங்கள். அந்த நெடும்பாதையில் முதன்முதலாகத் திறந்த பகுதி இந்தக் காட்டில்தான், 1923இல்.

கேள்வி (வெஸ்ட்செஸ்டர்): போன் மேப் போதாதா? வழி தவறினால்?

பல இடங்களில் சிக்னல் கிடையாது. நியூயார்க்–நியூஜெர்சி டிரெயில் கான்ஃபரன்ஸ் தன்னார்வலர்கள்தான் இந்தப் பாதைகளைப் பராமரிக்கிறார்கள். அவர்களுடைய வரைபடத்தில் 118ஆம் எண் தெற்குப் பகுதிக்கு, 119 வடக்குக்கு. தாளாகவே வாங்குங்கள்.

மரத்தில் பூசியிருக்கும் வர்ணக் குறியைப் படிக்கப் பழகினால் பாதிப் பயம் போய்விடும். ஒரு குறி என்றால் நேரே போ. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு இருந்தால் திருப்பம், மேல் குறி எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறதோ அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். மூன்று இருந்தால் பாதையின் தொடக்கம் அல்லது முடிவு. கொஞ்ச நேரமாகக் குறியே கண்ணில் படவில்லையா? முன்னே போகாமல், கடைசியாகக் குறி பார்த்த மரத்துக்கே திரும்பிப் போங்கள்.

கேள்வி (ஸ்டாம்ஃபர்ட்): கரடி, பாம்பு?

இரண்டும் உண்டு. கருங்கரடி மனிதரைக் கண்டால் பெரும்பாலும் ஒதுங்கிப் போகும். சாப்பாட்டு மூட்டையை மட்டும் வெளியே போட்டுவைக்காதீர்கள். கிலுகிலுப்பைப் பாம்பும் காப்பர்ஹெட் என்ற விஷப்பாம்பும் வெயில் பாறையில் படுத்திருக்கும். பார்க்காத இடத்தில் கை வைக்காதீர்கள். பழைய இரும்புச் சுரங்கக் குழிகளும் ஆங்காங்கே இருக்கின்றன, எட்டிப் பார்க்கலாம், இறங்கக் கூடாது.

கேள்வி (ஜெர்சி சிட்டி, அதே நண்பர்): சரி சார், குளிக்கவில்லை. ராத்திரி டென்ட் போடலாமா? மீன் பிடிக்கலாமா?

காட்டுக்குள் என்றால் கல்லால் கட்டிய தங்கல்கள் உண்டு, அவற்றிலோ அவற்றை ஒட்டியோ மட்டும்தான் இரவு தங்கலாம். நினைத்த ஏரிக்கரையில் டென்ட் அடிக்க முடியாது. நெருப்பும் அங்கே இருக்கும் அடுப்பில் மட்டும்தான். வறட்சிக் காலத்தில் அதையும் தடை செய்வார்கள்.

மீன் பிடிக்க, 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு நியூயார்க் மாநில உரிமம் வேண்டும். நியூஜெர்சி உரிமம் செல்லாது. கயாக் இறக்குவதற்குப் பூங்காவின் அனுமதி தனி.

கேள்வி (பரமஸ்): இலை நிறம் மாறுவதைப் பார்க்க எப்போது வரலாம்?

அக்டோபர் நடுவிலிருந்து கடைசி வரை. முடிந்தால் வார நாளில் லீவு போட்டு வாருங்கள். அப்போது சீக்கிரம் இருட்டிவிடும், பையில் ஒரு டார்ச் இருக்கட்டும்.