செல்ஃபி பாயின்ட்டும் சீசன் குப்பையும்

கேள்வி: உள்ளாட்சி அமைப்புகள் மனசு வெச்சா ஒரு வட்டாரத்தோட பொருளாதாரத்தையும் சுற்றுலாவையும் நல்லா வளர்க்கலாம்தானே? எங்க ஊர் பேரூராட்சியில பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல லைட்டெல்லாம் போட்டு புதுசா ஒரு செல்ஃபி பாயின்ட் வெச்சிருக்காங்க. நல்ல ஆரம்பம்னு நினைக்கிறேன். நீங்க என்ன சொல்றீங்க?
- தென்காசி மாவட்ட வாசகர் ஒருவர்

பதில்: கேள்வியோட முதல் பாதி ரொம்ப மரியாதையான கேள்வி, அதுக்கு அப்புறம் வர்றேன். நடுவுல செல்ஃபி பாயின்ட்டுன்னு ஒண்ணு போட்டீங்க பாருங்க, அதுக்கப்புறம் எனக்கு வேற எதுவும் கண்ணுல படல.

மெரினாவுல 'நம்ம சென்னை' வந்தாலும் வந்துச்சு, இந்த ஜுரம் மாநகராட்சி, நகராட்சின்னு இறங்கி இப்ப பேரூராட்சி வரைக்கும் தொத்திக்கிச்சு. 'நம்ம'ன்னு ஒரு ரெண்டாள் உசரத்துக்கு எழுத்து, பக்கத்துல செவப்பு ஹார்ட்டு, கீழ ஊர் பேரு, அதுக்கும் கீழ திறந்து வெச்சவங்க பேரெல்லாம் ஊர் பேரவிட பெருசா ஒரு கல்வெட்டு. ஒரு ஊர்ல (எந்த ஊருன்னு சொல்ல மாட்டேன், அங்க நமக்கு சந்தாதாரர் ஜாஸ்தி) மழையில ஷார்ட் சர்க்யூட் ஆகி 'நம்ம'வுல நடு எழுத்து மட்டும் அணைஞ்சு போச்சு. ராத்திரி பார்த்தா இருட்டுல 'நம'ன்னு தனியா ஜொலிக்குது. ரோட்டுக்கு அந்தாண்ட இருந்து பார்த்த ஒரு பாட்டி டக்குனு கன்னத்துல போட்டுக்கிச்சு. மறுநாள் கீழ ரெண்டு எலுமிச்சம்பழம், அந்த வார வெள்ளிக்கிழமை சூடம். ரிப்பேர் பண்ண ஏணியோட வந்த எலக்ட்ரீஷியன்கிட்ட "செருப்பக் கழட்டிட்டு ஏறுப்பா"ன்னு பூக்காரம்மா சொல்லிருக்காங்க. பாவம், அவன் சரி பண்ணித் தொலைச்சுட்டான். அப்படியே விட்டிருந்தா ஆறு மாசத்துல பிரதோஷக் கூட்டம், ஒரு வருஷத்துல உண்டியல், அறநிலையத்துறையில ஒரு செயல் அலுவலர்னு அந்த ஊருக்கு நிஜமாவே ஒரு சுற்றுலா வளர்ச்சித் திட்டம் வந்திருக்கும்.

சரி விடுங்க. அந்த போர்டு முன்னாடி நின்னு போட்டோ எடுத்துக்கிட்ட ஒரு குடும்பம் அடுத்து என்ன கேக்கும்? "இங்க பாத்ரூம் எங்கங்க இருக்கு?" ஆமா, மறுபடியும் கழிப்பறைதான். எந்தக் கேள்வி கேட்டாலும் ஆசிரியர் கக்கூஸ்ல கொண்டு போய்த்தான் விடுவாருன்னு ஒரு மதுரை வாசகர் வருஷாவருஷம் லெட்டர் போடறார், போடட்டும். நம்ம பத்திரிகையிலயே எழுதற ஒரு பெரியவருக்கும் எனக்கும் இதுல பழைய சண்டை இருக்கு, அவரு எல்லா ஊருக்கும் பெரிய சிலை ஒண்ணு வெச்சா கூட்டம் தன்னால வரும்பாரு, நான் சிலை அடியில கழிப்பறை இருக்கான்னு கேப்பேன், அவரு போனை வெச்சிருவாரு.

உங்க மாவட்டத்துலயே பாருங்க, உலகத்துக்கே சொல்லித்தர்ற மாதிரி பாடம் இருக்கு. குற்றாலம். சீசன்ல ஒரு ஞாயித்துக்கிழமை காலையில மெயின் அருவிக்குப் போய் நில்லுங்க. குளிச்சிட்டு வர்ற பொம்பளைங்க ஈரப் புடவை சொட்டச் சொட்ட, ஒரு கையில நடுங்கற பிள்ளை, இன்னொரு கையில பிளாஸ்டிக் கவர்ல சுருட்டின பத்து ரூபா நோட்டு, துணி மாத்த இடம் தேடி அலையறாங்க. இந்தப் பக்கம் ரம்புட்டான், மங்குஸ்தான், நேந்திரம் சிப்ஸுன்னு கடை, ஒரு ஓரத்துல எண்ணெய் தேய்ச்சு விடறவங்க. அருவியில எண்ணெய், சோப்பு, ஷாம்பு எல்லாம் கூடாதுன்னு ஹைகோர்ட் மதுரைக் கிளைதான் சொல்ல வேண்டியிருந்துச்சு. சோப்பு போடாதன்னு சொல்றதுக்கு ஒரு நாட்டுல ஹைகோர்ட் வேணும்னா அந்த ஊர் கவுன்சில் அதுவரைக்கும் என்ன பண்ணிட்டு இருந்துச்சுன்னு கேப்பீங்க. அங்கதான் விஷயமே இருக்கு.

அந்த அருவி யாரோடது? தண்ணி வர்ற மலை வனத்துறையோடது. பக்கத்துல இருக்கற கோயில் அறநிலையத்துறையோடது. கூட்டத்த ஒழுங்குபடுத்தறதும், தண்ணி ஜாஸ்தியாச்சுன்னா குளிக்கத் தடை போடறதும் போலீஸ், கலெக்டர் ஆபீஸ். சாரல் திருவிழா மேடையில நாற்காலி போட்டு உக்கார்றது மாவட்ட நிர்வாகமும் சுற்றுலாத்துறையும். பேரூராட்சிக்கு மிச்சம் என்னன்னா கடை ஏலம், வண்டி பார்க்கிங் குத்தகை, அப்புறம் குப்பை. அதுலயும் தென்மேற்குப் பருவமழை ஏமாத்திருச்சுன்னா குத்தகை எடுத்தவர் தலையில துண்டைப் போட்டுக்கிட்டு உக்காந்துருவாரு, அடுத்த வருஷம் ஏலத்துக்கு ஆள் வராது. பழைய குற்றாலம் இன்னும் வேடிக்கை, அது ஆயிரப்பேரி ஊராட்சி எல்லையில வருது. 2024 மே மாசம் அங்க திடீர்னு வெள்ளம் வந்து ஒரு பள்ளிக்கூடப் பையன் போயிட்டான். அதுக்கு அப்புறம் அருவிய வனத்துறைகிட்ட கொடுக்கலாம்னு பேச்சு கிளம்ப, உள்ளூர்ல எதிர்ப்பு. எதிர்ப்புல நியாயம் இருக்கு, ஊராட்சிக்கு வர்ற வருமானம் போயிரும்ல. ஆனா மலையில மழை பெய்யுதுன்னு கீழ குளிக்கறவனுக்கு முன்கூட்டியே சொல்ற ஏற்பாடு யாரோட பொறுப்புன்னு எந்த ஆபீஸும் மார்தட்டிச் சொல்லாது.

பொருளாதாரம்னு கேட்டீங்க. குற்றாலம் போறவன் காசு குற்றாலத்துல மட்டுமா விழுது? தென்காசியில லாட்ஜ், இலஞ்சியில சாப்பாடு, பிரானூர்ல பரோட்டா. செங்கோட்டை 1956 வரைக்கும் திருவிதாங்கூர் பக்கம் இருந்த ஊரு, எல்லைக்கோடு நகர்ந்து போயிருச்சு, ஆனா 'பார்டர்'ங்கற பேரு மட்டும் பரோட்டாவோட ஒட்டிக்கிட்டு இன்னிக்கு மதுரை, சென்னை வரைக்கும் கடை போர்டுல தொங்குது. உங்க வட்டாரத்தோட பெரிய சுற்றுலா விளம்பரம் அதுதான், அதுக்கு எந்தக் கவுன்சிலும் தீர்மானம் போடல, டெண்டர் விடல, பரோட்டா மாஸ்டருங்க பண்ணது. கவுன்சில் பண்ண வேண்டியதெல்லாம் அந்தக் கடை பின்னாடி சாக்கடை அடைக்காம பாத்துக்கறது.

இப்ப சட்டத்துக்கு வாங்க. அரசியல் சட்டத்தோட 74வது திருத்தம் 1993ல அமலுக்கு வந்துச்சு, 12வது அட்டவணைன்னு ஒண்ணு போட்டு நகர்ப்புற உள்ளாட்சிக்கு 18 வேலை எழுதி வெச்சாங்க. பொருளாதார வளர்ச்சிக்குத் திட்டம் போடறது அதுல இருக்கு. பூங்கா இருக்கு, மயானம் இருக்கு, மாடு அடைக்கிற பவுண்டு கூட தனியா இருக்கு. சுற்றுலாங்கற வார்த்தை இல்ல. தேடிப் பாருங்க, இல்ல. கிராமத்துக்கான 11வது அட்டவணையில 29 விஷயம், அதுலயும் சந்தை, திருவிழா வரைக்கும் வந்து நின்னுருச்சு. அதாவது டூரிஸ்ட் தொலைச்சுட்டுப் போன மாட்டுக்கு உங்க பேரூராட்சி சட்டப்படி பொறுப்பு, டூரிஸ்டுக்கு இல்ல.

காசு கணக்கு இன்னும் மோசம். ஓட்டல்ல ரூம் போட்டா ஜிஎஸ்டி, அது பாதி டெல்லி, பாதி சென்னை. மேல இருந்து திரும்ப உள்ளாட்சிக்கு வர்ற நிதி பெரும்பாலும் மக்கள்தொகைய வெச்சு, அதுவும் 2011 கணக்கு. ஊர்ல குடியிருக்கறவன் தலைய எண்ணிக் காசு, வந்துட்டுப் போறவன் போட்ட குப்பைய எண்ணி அள்ளணும். மாமல்லபுரத்துல ரதம் பாக்க இந்தியருக்கு 40 ரூபா, வெளிநாட்டுக்காரருக்கு 600 ரூபா, டிக்கெட் கொடுக்கறது மத்திய தொல்லியல் துறை. 2021-22ல வெளிநாட்டுப் பயணிகள் கணக்குல தாஜ்மகாலையே தாண்டின ஊரு அது, ஏறக்குறைய 1.45 லட்சம் பேர். மொய் வாங்கறது ஒருத்தர், எச்சில் இலை எடுக்கறது பல வருஷம் வெறும் பேரூராட்சியாவே இருந்த அந்த ஊரு. அது தன் பங்குக்கு ஊருக்குள்ள வர்ற வண்டிக்குக் காசு வசூல் பண்ணுச்சு, நாம காருக்குள்ள உக்காந்துக்கிட்டு "கொள்ளையடிக்கிறான்"னு திட்டினோம். ஆனா ஒண்ணு, 2019 அக்டோபர்ல சீன அதிபர் வர்றாருன்னதும் அதே ஊர் என்னமா பளபளன்னு ஆச்சு! முடியாதுன்னு இல்ல, வர்றவரப் பொறுத்துத்தான் முடியும்.

கவுன்சிலுக்கே வசூல் பண்ற உரிமையக் கொடுத்த ஊரெல்லாம் இருக்கு. பிரான்சுல 1910ல இருந்தே தங்கறவங்ககிட்ட ராத்திரிக்கு இவ்வளவுன்னு ஊராட்சி வரி வாங்குது. வெனிஸ் மாநகராட்சி 2024ல, கூட்டமா இருக்கற நாள்ல மட்டும், வந்துட்டு அன்னிக்கே போறவங்களுக்கு 5 யூரோ போட்டுச்சு. எனக்குப் புடிச்சது இங்கிலாந்துல பிளாக்பூல். கடலோர ஊரு. வெள்ளைக்காரன் சும்மாவே குளுர்ல நடுங்கறவன், செப்டம்பர் ஆனா கடல் பக்கம் வரமாட்டான். அந்த ஊர் கவுன்சில் 1879ல கடற்கரை ரோட்டுல எட்டு ஆர்க் விளக்கு (அந்தக் காலத்து கரென்ட் விளக்கு) போட்டுச்சு, அதே வருஷம் பார்லிமென்ட்ல சட்டம் வாங்கி, சொத்து மதிப்புல பவுண்டுக்கு ரெண்டு பென்ஸ் வரைக்கும் வரி போட்டு ஊரை விளம்பரம் பண்ண உரிமை எடுத்துக்கிச்சு. நம்ம ஊர்ல உள்ளாட்சியோட தந்தைன்னு சொல்ற ரிப்பன் பிரபு தீர்மானம் போட்டதே 1882லதான்! சென்னையில ரிப்பன் மாளிகைக்கு கலர் லைட் போட்டு நாம வாயப் பொளந்து பாக்கறோம், பிளாக்பூல்காரன் பத்து கிலோமீட்டருக்கு லைட் போட்டு கோடை முடிஞ்சப்புறமும் கூட்டத்தப் புடிச்சு வெச்சான். வெளிச்சம் பாக்க வர்றவன் ராத்திரிதான் வரணும், ராத்திரி வந்தா ரூம் எடுக்கணும், கணக்கு அவ்வளவுதான். 1885ல மின்சார டிராம் விட்டாங்க, 2010ல அந்த ஊர் டவரையே கவுன்சில் விலைக்கு வாங்கிருச்சு.

ரொம்பப் புகழவும் கூடாது. 2019 கணக்கெடுப்புல இங்கிலாந்துலயே ரொம்பப் பின்தங்கின உள்ளாட்சிப் பகுதி எதுன்னா அதே பிளாக்பூல்தான். லட்சக்கணக்குல ஆள் வருவான், சீசன் வேலை கொடுப்பான், போயிருவான். வருஷம் பூரா கிடைக்கற வேலைய டூரிஸ்ட் சூட்கேஸ்ல கொண்டு வர மாட்டான், இதையும் உங்க சேர்மன்கிட்ட சொல்லி வைங்க.

சேர்மன்னதும் ஞாபகம் வருது, என் இன்னொரு தீராத வயித்தெரிச்சல். தமிழ்நாட்டுல நகர்ப்புற உள்ளாட்சிக்கு 2011ல தேர்தல் நடந்துச்சு, 2016 அக்டோபர்ல பதவிக்காலம் முடிஞ்சுது, அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி. அஞ்சு வருஷத்துக்கு மேல தனி அலுவலர் ஆட்சி. கேள்வி கேக்க ஒரு கவுன்சிலர் வீட்டுக் கதவு கூட இல்லாத அந்தக் காலத்துல எத்தனை சீசன் போச்சு, எத்தனை ஏலம் போச்சு. இதுல மனசு வெச்சா முடியுமான்னு கேக்கறீங்க, மனசு இருக்கட்டும், முதல்ல ஆள் வேணும்ல.

உங்க செல்ஃபி பாயின்ட்ட நான் இடிக்கச் சொல்லல. ஒரு வெள்ளைத்தாள் எடுத்து தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி உங்க பேரூராட்சி பொதுத் தகவல் அலுவலருக்கு மூணு கேள்வி எழுதுங்க: அந்த போர்டுக்கு எவ்வளவு செலவு, கரென்ட் பில் மாசம் எவ்வளவு, பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைக்குப் போன வருஷம் எவ்வளவு செலவு பண்ணீங்க. பதில் வந்தா எனக்கு ஒரு காப்பி அனுப்புங்க, அப்படியே அச்சுல போடறேன். பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்ட மறந்துறாதீங்க, அதையே சாக்கா வெச்சு திருப்பி அனுப்பிருவாங்க.