கேள்வி பதில்: 23 மணி நேரம் ஓட்டினால் போதாது

கோவை வாசகர் ஒருவர்: நடிகர் அஜித் குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்ததிலிருந்து வீட்டில் இதே பேச்சு. ஆனால் விவரம் தெரிந்தவர்கள் எல்லாம் "லெ மான்ஸ்தான் இதற்கெல்லாம் அப்பன்" என்கிறார்கள். அது என்ன, யார் ஆரம்பித்தது?

பிரான்சில் பாரிசுக்குத் தென்மேற்கே இருக்கும் ஒரு நகரம் லெ மான்ஸ். அந்த ஊர்க்காரர்கள் கடைசி எழுத்தை விழுங்கி 'லெ மான்' என்பார்கள், நாம் ஸ் போட்டே பழகிவிட்டோம், இருக்கட்டும். 1920-களில் கார் வாங்கியவனுக்குப் பெரிய தலைவலி வேகம் இல்லை. ராத்திரியில் ஹெட்லைட் எரியுமா, மழையில் வண்டி ஸ்டார்ட் ஆகுமா, பாதி வழியில் நின்று போகுமா என்பதுதான். சரி, பகலும் இரவும் நிறுத்தாமல் ஓட்டிப் பார்த்துவிடுவோம், எந்த வண்டி தாங்குகிறது என்று தெரிந்துவிடும் என்று அங்கிருந்த மேற்குப் பிரான்ஸ் மோட்டார் கிளப் முடிவு செய்தது. அதன் செயலாளர் ஜார்ஜ் துரான், பத்திரிகையாளர் ஷார்ல் ஃபாரூ, சக்கரக் கம்பெனிக்காரர் எமில் கோக்கீ ஆகிய மூவரும் சேர்ந்து போட்ட திட்டம் அது.

முதல் 24 மணி நேரப் பந்தயம் 1923 மே 26, 27 தேதிகளில், ஊர்ச் சாலைகளிலேயே நடந்தது. சனிக்கிழமை சாயங்காலம் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் ஆலங்கட்டி மழை. 33 கார்கள் புறப்பட்டு 30 கார்கள் முடித்தன, இன்றைக்கும் பொறாமைப்பட வேண்டிய கணக்கு. ஷெனார் வால்கர் என்ற பிரெஞ்சுக் கார் 2,209 கிலோமீட்டர் ஓடி அதிக தூரம் போனது. ஆனால் வெற்றி என்று அதிகாரபூர்வமாக அறிவிக்கவில்லை. மூன்று வருடம் சேர்த்துக் கணக்குப் பார்த்துத்தான் கோப்பை என்று விதி வைத்திருந்தார்கள்!

எனக்குப் பிடித்தது அந்த வருடம் ஓடிய ஒரே பென்ட்லி கார்தான். கல் தெறித்து டேங்க் ஓட்டையாகி, பெட்ரோல் தீர்ந்து வழியில் நின்றுவிட்டது. ஓட்டிய ஜான் டஃப் அங்கிருந்து பிட் வரை, அதாவது பெட்ரோல் போட்டுப் பழுது பார்க்கும் இடம் வரை, ஓடியே வந்தார். கூட்டாளி ஃபிராங்க் கிளெமென்ட் ஒரு சைக்கிளை இரவல் வாங்கி, பெட்ரோலைத் தூக்கிக்கொண்டு கார் நின்ற இடத்துக்கு மிதித்துப் போனார். ஓட்டையை அடைத்து, மறுபடி ஓட்டி, நாலாவது இடத்தை இன்னொரு காரோடு பகிர்ந்துகொண்டார்கள். அடுத்த வருடமே பென்ட்லி ஜெயித்தது. 1927 முதல் 1930 வரை தொடர்ந்து நாலு முறையும் அவர்களுக்கே.

மதுரை வாசகி: 24 மணி நேரமும் ஒருத்தரே ஓட்டுவாரா? தூக்கம்?

இப்போது ஒரு காருக்கு மூன்று டிரைவர்கள். எந்த ஆறு மணி நேரத்தை எடுத்தாலும் ஒருவர் அதில் நாலு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது, மொத்தத்தில் 14 மணி நேரத்துக்கு மேல் கூடாது. மற்ற நேரத்தில் படுக்கலாம். தூக்கம் வருமா என்பது வேறு விஷயம், பக்கத்திலேயே அறுபது எஞ்சின்கள் அலறிக்கொண்டிருக்கும்.

முன்பு இந்த விதிகள் இல்லை. போருக்குப் பிறகு 1949-ல் பந்தயம் திரும்பி வந்தபோது ஃபெராரிக்கு அங்கே முதல் வெற்றி வாங்கித் தந்த லூயிஜி கினெட்டி, 47 வயதில் 22 மணி நேரத்துக்கு மேல் தானே ஓட்டினார். 1952-ல் பியர் லெவே என்ற பிரெஞ்சுக்காரர் அதையும் தாண்டினார். கூட்டாளி பிட்டில் தயாராகக் காத்திருக்க, இவர் ஸ்டியரிங்கைக் கொடுக்கவே இல்லை. 23 மணி நேரம் தனியாக ஓட்டி, நாலு சுற்று முன்னிலையில் இருந்தவருக்குக் கடைசி மணி நேரத்தில் எஞ்சின் போனது. களைப்பில் கியரைத் தப்பாகப் போட்டுவிட்டார் என்று சொல்வோர் உண்டு. பின்னால் வந்த மெர்சிடிஸ் கார்கள் முதல் இரண்டு இடத்தையும் அள்ளிக்கொண்டன. வீரம் என்று பலர் எழுதிவிட்டார்கள். எனக்கு அது பிடிவாதமாகத்தான் படுகிறது. கூட்டாளிக்கு ஒரு மணி நேரம் கொடுத்திருந்தால் சரித்திரமே மாறியிருக்கும்.

திருச்சி வாசகர்: 1955-ல் நடந்த விபத்துக்குப் பிறகும் பந்தயத்தை நிறுத்தவில்லையாமே, நிஜமா?

நிஜம். அதே லெவேதான் அந்தக் கதையிலும் வருகிறார், இந்த முறை மெர்சிடிஸ் காரில், 49 வயதில். ஜூன் 11 மாலை, ஆரம்பித்து இரண்டரை மணி நேரம்கூட ஆகவில்லை. முன்னால் போன ஜாகுவார் பிட்டுக்குள் வர பிரேக் போட்டது. அதன் பின்னால் வந்த ஆஸ்டின் ஹீலி அதில் மோதாமல் இருக்க ஒதுங்கியது. ஒதுங்கிய இடத்தில் லெவே வேகமாக வந்துகொண்டிருந்தார். கார் எழும்பி மண்மேட்டில் அடித்துச் சிதற, எஞ்சினும் முன்பாகங்களும் கூட்டத்துக்குள் பாய்ந்தன. பார்வையாளர்கள் எண்பது பேருக்கு மேல் செத்தார்கள், லெவேயும்தான். காரின் உடல்பாகம் மக்னீசியம் கலந்த உலோகம் என்பதால் தண்ணீர் ஊற்ற ஊற்ற இன்னும் எரிந்தது.

பிட்டுக்கும் ஓடுபாதைக்கும் நடுவில் ஒரு சுவர்கூட இல்லை, சாலையின் அகலம் பழைய மெதுவான கார்களுக்குப் போட்டது. விசாரணையிலும் எந்த டிரைவரையும் குற்றவாளி என்று சொல்லவில்லை, இடத்தின் அமைப்பைத்தான் குறை சொன்னார்கள். பந்தயத்தை நிறுத்தினால் லட்சக்கணக்கான ஜனங்கள் ஒரே நேரத்தில் சாலைக்கு வந்து ஆம்புலன்சுகளை மறித்துவிடுவார்கள் என்று அமைப்பாளர்கள் காரணம் சொன்னார்கள். முதல் சில மணி நேரத்துக்கு அது நியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆம்புலன்சுகள் எல்லாம் போன பிறகு, மறுநாள் சாயங்காலம் வரை ஓடவிட்டு ஜெயித்தவருக்கு ஷாம்பெயின் கொடுத்ததற்கு என்ன காரணம் சொல்வது? முன்னிலையில் இருந்த மெர்சிடிஸ் அணி நள்ளிரவு தாண்டியதும் தன் கார்களை விலக்கிக்கொண்டு ஊரைப் பார்க்கக் கிளம்பியது. பக்கத்து நாடான சுவிட்சர்லாந்து சர்க்யூட் பந்தயங்களையே தடை செய்தது, அந்தத் தடை பல பத்தாண்டுகள் நீடித்தது.

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: பழைய படங்களில் டிரைவர்கள் சாலையைக் குறுக்கே கடந்து ஓடிப்போய்க் காரில் ஏறுகிறார்களே, ஏன்?

அதுதான் பழைய லெ மான்ஸ் ஸ்டார்ட். கார்கள் ஒரு பக்கம், டிரைவர்கள் எதிர்ப்பக்கம். கொடி விழுந்ததும் ஓடிப்போய் ஏறிக் கிளம்ப வேண்டும். பார்க்க அழகுதான், சீட் பெல்ட் என்று ஒன்று வரும் வரை. முந்த வேண்டிய அவசரத்தில் யார் பெல்ட் மாட்டுவார்?

1969-ல் பெல்ஜியத்துக்காரர் ஜாக்கி இக்ஸ் இதை எதிர்த்து, எல்லாரும் ஓட, தான் மட்டும் நிதானமாக நடந்து போய், ஏறி, பெல்ட்டை மாட்டிக்கொண்டு கடைசியாகக் கிளம்பினார். அதே முதல் சுற்றில் ஜான் உல்ஃப் என்ற டிரைவர் பெல்ட் போடாமல் போய் விபத்தில் தூக்கி எறியப்பட்டு இறந்தார். நடந்து போன இக்ஸோ மறுநாள் ஜெயித்தார், அதுவும் கிட்டத்தட்ட 5,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு சுமார் 120 மீட்டர் வித்தியாசத்தில்! அடுத்த வருடம் ஓட்டப் பந்தயத்தை எடுத்துவிட்டார்கள். இன்னொரு சங்கதி: இக்ஸிடம் அந்த 120 மீட்டரில் தோற்ற ஹான்ஸ் ஹெர்மன் 1970-ல் போர்ஷேவுக்கு முதல் வெற்றி வாங்கித் தந்துவிட்டு, மனைவிக்குக் கொடுத்த வாக்குப்படி அதோடு ஓய்வு பெற்றார்.

சேலம் வாசகர்: ஃபோர்டு, ஃபெராரி சண்டை?

ஃபெராரி கம்பெனியை வாங்க ஃபோர்டு 1963-ல் பேசியது, கடைசி நேரத்தில் என்சோ ஃபெராரி மறுத்துவிட்டார். அந்தக் கோபத்தில் ஃபெராரியை லெ மான்ஸில் தோற்கடிக்க இரண்டாம் ஹென்றி ஃபோர்டு பணத்தைக் கொட்டினார். 1966-ல் முதல் மூன்று இடமும் ஃபோர்டுக்கு. ஆனால் முன்னால் போன கென் மைல்ஸை, போட்டோவுக்காக மூன்று கார்களும் சேர்ந்து வரட்டும் என்று வேகம் குறைக்கச் சொன்னார்கள். பக்கத்தில் வந்த இன்னொரு ஃபோர்டு டிரைவர் புரூஸ் மெக்லாரனின் கார் ஆரம்பத்தில் சில மீட்டர் பின்னால் நின்று புறப்பட்டது, ஆகவே அதுதான் அதிக தூரம் ஓடியது என்று வெற்றியை அதற்குக் கொடுத்துவிட்டார்கள். டேடோனா, செப்ரிங் என்ற அமெரிக்க நெடுநேரப் பந்தயங்கள் இரண்டையும் அதே வருடம் ஜெயித்திருந்த மைல்ஸ், இரண்டு மாதத்தில் ஒரு சோதனை ஓட்டத்தில் இறந்துபோனார். ஒரு போட்டோவுக்காக!

ஈரோடு வாசகி: அதிகபட்ச வேகம் எவ்வளவு?

1988-ல் ஒரு பெஜோ எஞ்சின் கார் மணிக்கு 405 கிலோமீட்டர் தொட்டது. ஆறு கிலோமீட்டர் நேர்ச்சாலை கிடைத்தால் ஏன் தொடாது. அந்தக் கார் பந்தயத்தை முடிக்கவில்லை என்பதையும் சேர்த்துப் படியுங்கள். 1990-ல் அந்தச் சாலையில் இரண்டு வளைவுகளைப் போட்டு வேகத்துக்குக் கடிவாளம் கட்டிவிட்டார்கள்.

விழுப்புரம் வாசகர்: ஜெயிக்கிற நேரத்தில் தோற்ற கதை லெவேயோடு முடிந்ததா?

எங்கே முடிந்தது? 2016-ல் டொயோட்டா பல வருடமாகத் துரத்திய வெற்றி கைக்கெட்டும் தூரத்தில். கசுகி நகாஜிமா ஓட்டுகிறார், பாக்கி ஐந்தாறு நிமிடம், கார் சக்தி இழக்கிறது. டர்போவிலிருந்து வரும் காற்றுக் குழாயில் ஒரு இணைப்பு விட்டுப்போனதுதான் காரணம். மூன்று நிமிடம் இருக்கும்போது சரியாக எல்லைக் கோட்டருகே, பிட்டில் அத்தனை பேரும் பார்க்க நின்றது. போர்ஷே கடந்து போய் ஜெயித்தது. கடைசிச் சுற்றை விதித்த நேரத்துக்குள் முடிக்காததால் அந்தக் காருக்கு இரண்டாவது இடம்கூடக் கிடையாது. 23 மணி 55 நிமிட உழைப்புக்குக் கணக்கில் ஒன்றுமில்லை. அதே நகாஜிமா 2018-ல் ஜெயித்த காரில் இருந்தார் என்று தெரிந்தபோதுதான் எனக்கு ஆறியது.

சென்னை வாசகர்: நம்ம ஊர்க்காரர்கள் யாராவது?

இருக்கிறார்கள். 2009-ல் கோவை நரேன் கார்த்திகேயன் ஆடி காரில் ஓட்ட இருந்தார். தகுதிச் சுற்றெல்லாம் முடிந்து, பந்தயம் தொடங்கும் முன் பிட் சுவரிலிருந்து இறங்கும்போது விழுந்து தோள்பட்டை இறங்கிவிட்டது. மற்ற இருவரும் முழுப் பந்தயத்தையும் தங்களுக்குள் பிரித்து ஓட்டினார்கள். 2012-ல் சென்னை கருண் சந்தோக், டேவிட் பிராபம், பீட்டர் டம்பிரெக் ஆகியோருடன் ஓட்டி ஆறாவது இடம் பிடித்தார். அப்புறமும் பல முறை போனார். நரேனுக்கு எட்டாத அந்தக் கடைசி மணி நேரத்தை முதலில் பார்த்த இந்தியர் அவர்தான்.