ஸ்பிரிங் ஏர்லைன்ஸ் டிக்கெட் ஏன் இவ்வளவு மலிவு, எதைக் கவனிக்க வேண்டும்

ஷாங்காயில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி கேட்டது இதுதான்: உள்ளூர் விமானம் தேடினால், சீனாவின் குறைந்த கட்டண நிறுவனமான ஸ்பிரிங் ஏர்லைன்ஸ் மட்டும் மற்றவற்றைவிடக் குறைவான விலை காட்டுகிறது. நம்பி ஏறலாமா, எங்கேயாவது மாட்டிக்கொள்வேனா?

தாராளமாக ஏறலாம். பறக்கத் தொடங்கிய 2005 முதல் உயிரிழப்பு விபத்து ஒன்றுகூட இல்லை. பெரிய அரசு நிறுவனங்களுக்கு உள்ள அதே பாதுகாப்பு விதிகள்தான் இதற்கும். விலை குறைவதற்குக் காரணம் வேறு. அது தெரிந்தால் எங்கே கையைச் சுடும் என்பதும் தெரிந்துவிடும்.

நிறுவனர் வாங் ஜெங்ஹுவா 1981-ல் ஷாங்காயில் டிராவல் ஏஜென்சி ஆரம்பித்தவர். சுற்றுலாப் பயணிகளுக்காக மற்றவர்களின் விமானங்களை மொத்தமாக வாடகைக்கு எடுத்து, ஒரு சீட்டும் காலியில்லாமல் நிரப்பிப் பழகிய கை அது. தனியாருக்கு அனுமதி கிடைத்ததும் சொந்த விமான நிறுவனம் தொடங்கினார். 2005 ஜூலை 18-ல் யான்டாய் நகருக்கு முதல் விமானம். டிக்கெட் 199 யுவான். மறு வருடமே ஜினானுக்கு 1 யுவானுக்கு டிக்கெட் விற்றார். அப்போது கட்டணத்துக்குக் கீழ்வரம்பு இருந்ததால் ஜினான் அதிகாரிகள் 1,50,000 யுவான் அபராதம் போட்டார்கள். 2015-ல் ஷாங்காய் பங்குச் சந்தைக்கு வந்தது. இப்போது 120-க்கும் மேற்பட்ட விமானங்கள்.

அத்தனையும் ஏர்பஸ் ஏ320 குடும்பம். பைலட் பயிற்சி, மெக்கானிக், உதிரிபாகம் எல்லாம் ஒரே வகைக்குப் போதும். பிசினஸ் கிளாஸ் கிடையாது. மற்றவர்கள் ஏறக்குறைய 160 சீட்டு வைக்கும் ஏ320-ல் இவர்கள் முதலில் 180, பிறகு 186 வைத்தார்கள். உயரமானவர்களுக்கு முழங்கால் இடிக்கும். முன் வரிசைக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண் செலவல்ல. சாப்பாடு, தண்ணீர் வேண்டுமென்றால் காசு கொடுத்து வாங்க வேண்டும். சீனாவின் மற்ற நிறுவனங்கள் அநேகமாக எல்லாம் டிராவல்ஸ்கை என்ற பொது முன்பதிவு அமைப்பில் இருக்க, இவர்கள் சொந்த அமைப்பு கட்டிப் பெரும்பாலும் நேரடியாகவே விற்று, அந்தக் கட்டணத்தையும் கமிஷனையும் மிச்சம் பிடித்தார்கள். அதனால் நிறுவனத்தின் ஆப்பிலேயே வாங்குங்கள். உங்கள் சீன மொபைல் எண்ணைக் கொடுங்கள். நேர மாற்றம் எஸ்எம்எஸ்ஸில்தான் வரும். ஏஜென்ட் தன் எண்ணைப் போட்டுவிட்டால் தகவல் உங்களுக்கு வராது.

99 யுவான் என்று காட்டினால் அதோடு விமான நிலைய நிதி 50 யுவான், அவ்வப்போது மாறும் எரிபொருள் கூடுதல் கட்டணம், பிறகு பெட்டி. பலரும் விழுவது பெட்டியில்தான். அடிப்படை டிக்கெட்டில் கையில் 7 கிலோ, 20×30×40 செ.மீ. அளவுதான். நம்மிடம் இருக்கும் 55 செ.மீ. டிராலி அதில் அடங்காது. செக்-இன் பெட்டியை டிக்கெட் வாங்கும்போதே சேர்த்துவிடுங்கள். கவுன்டரில் அதே எடைக்கு அதிகம் கேட்பார்கள். எல்லாம் கூட்டிப் பார்த்த பிறகே மற்ற நிறுவனங்களோடு ஒப்பிடுங்கள். ரயிலில் நாலு மணி நேரத்துக்குள் போகக்கூடிய ஊர் என்றால் அதிவேக ரயிலே மேல்.

பெயர் விஷயம் தமிழர்களுக்குத் தனிச் சிக்கல். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்தால், பணம் கட்டும் முன் வாடிக்கையாளர் சேவையில் எப்படி நிரப்புவது என்று கேட்டு, பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். சலுகை டிக்கெட்டில் பிறகு திருத்துவது பெரும்பாடு. தானியங்கி செக்-இன் இயந்திரங்கள் பல இடங்களில் சீன அடையாள அட்டையை மட்டும் படிக்கும். கவுன்டருக்கே போகும் கணக்கில் நேரம் வையுங்கள். பொதுவாகப் புறப்படுவதற்கு 45 நிமிடம் முன்பு மூடிவிடுவார்கள்.

ஷாங்காயின் ஹோங்சியாவோ விமான நிலையத்தில் ஸ்பிரிங் முதல் டெர்மினலில் இருக்கிறது. மெட்ரோ 2-ம் லைன் அங்கே போகாது, இரண்டாம் டெர்மினலில் இறக்கிவிடும். 10-ம் லைன் பிடியுங்கள். பவர் பேங்கில் 3சி (சீனாவின் கட்டாயப் பாதுகாப்புச் சான்று) முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். 2025 ஜூன் 28 முதல் அது இல்லாததை உள்நாட்டு விமானங்களில் அனுமதிப்பதில்லை.

தாமதம்தான் உண்மையான தலைவலி. ஒரே விமானத்தைக் காலை முதல் இரவு வரை இடைவெளி இல்லாமல் ஓட்டுவதால், காலையில் விழுந்த தாமதம் இரவுவரை சேர்ந்துகொண்டே போகும். ஜூலை, ஆகஸ்ட் இடிமழையும், வான்வெளியில் பெரும்பகுதி ராணுவத்தின் கையில் இருப்பதும் இன்னும் இறுக்கும். ஆகவே நாளின் முதல் விமானத்தை எடுங்கள். நிறுவனத்தின் தவறால் தாமதம் என்றால் சாப்பாடும் தங்குமிடமும் அவர்கள் பொறுப்பு. புறப்படும் ஊரில் வானிலையால் என்றால் உங்கள் செலவு. ஏறி உட்கார்ந்த பிறகு ஓடுபாதை அருகே 2 மணி நேரம் தாண்டினால் தண்ணீரும் உணவும் தர வேண்டும். 3 மணி தாண்டியும் புறப்படும் நேரம் தெரியாவிட்டால் இறங்க விட வேண்டும். இது 2017-ல் நடைமுறைக்கு வந்த விதி, கேட்கத் தயங்காதீர்கள்.

ஊருக்குப் போகும் சர்வதேச விமானத்தைத் தனி டிக்கெட்டாக இதோடு ஒரே நாளில் கோர்க்க வேண்டாம். ஹோங்சியாவோவிலிருந்து ஷாங்காயின் இன்னொரு விமான நிலையமான புதோங்குக்கு 2024 டிசம்பரில் திறந்த இணைப்பு ரயில் 26 யுவானில் சுமார் 40 நிமிடத்தில் கொண்டு சேர்க்கும். ஆனால் அது கிளம்புவது இரண்டாம் டெர்மினலிலிருந்து, நள்ளிரவில் ஓடாது. முந்தின நாளே ஷாங்காய் வந்து தங்கிவிடுங்கள்.