ராயபுரத்துப் பூர்வீக வீட்டின் 1920களின் கையெழுத்துப் பத்திரம் கிடைத்திருக்கிறது. குடும்ப வரலாற்றுக்காக எப்படிப் படித்துத் தட்டச்சு செய்வது?

கண்ணுக்குத் தெரிவதை அப்படியே அடியுங்கள், திருத்தாதீர்கள். எக்செல்லில் மூன்று பத்தி போதும்: வரி எண், உள்ளபடி, திருத்திய வாசகம். புரியாத எழுத்துக்கு [?] போடுங்கள். ஊகித்து நிரப்பினால், ஆறு மாதம் கழித்து எது பத்திரம், எது உங்கள் ஊகம் என்று உங்களுக்கே தெரியாது.

அந்தக் கால எழுத்தர்கள் பலர் புள்ளியே வைக்கமாட்டார்கள். எகர ஏகாரம் இரண்டுக்கும் ஒற்றைக் கொம்புதான். காலும் 'ர'வும் ஒரே அச்சு. 'கொபாலநாயககர' என்றிருந்தால் அவர் கோபால் நாயக்கரா, கோபால நாயக்கரா? 'உள்ளபடி' பத்தியில் அப்படியே விட்டுவிட்டு, பின்பக்கத்துப் பதிவுக் குறிப்பில் பெயர் இங்கிலீஷில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அதிகம் சறுக்குவது தேதியில். ௳ நாள், ௴ மாதம், ௵ வருஷம். 'குரோதன ௵ தை ௴' என்றால் 1925 இல்லை, 1926 ஜனவரி-பிப்ரவரி. தமிழ் வருஷம் சித்திரையில்தானே பிறக்கிறது. அதையே 'குரோதி' என்று படித்தால் 1905க்குப் போய்விடுவீர்கள், 21 வருஷம் காலி! பசலி ஆண்டு (நில வரிக் கணக்கு ஆண்டு) என்றால் 590 கூட்டுங்கள். அது ஜூலையில் தொடங்கும். '12-8-0' தேதி அல்ல, 12 ரூபாய் 8 அணா. ௸ வந்தால் மேற்படி. 'ஷையார்' என்பதும் மேற்படியார்தான், யாருடைய பெயரும் இல்லை.

'இதற்கு மால்' என்று தொடங்கும் எல்லை விவரத்தைச் சொத்து சமாசாரம் என்று தாண்டிவிடாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் பல நேரம் பாகம் பிரிந்த பங்காளியாகவே இருப்பார். 'முனுசாமி வீட்டுக்கு வடக்கு' என்றால் முனுசாமி வீடு தெற்கே இருக்கிறது, நம் மனைதான் அதற்கு வடக்கு. இதைத் தலைகீழாக வரைந்துவிட்டுத் தெருவில் போய்த் தேடுபவர்கள் நிறையப் பேர். கதவு எண்ணை நம்பவே வேண்டாம், அது மாறிக்கொண்டே வந்திருக்கிறது. சர்வே எண்ணைப் பிடியுங்கள்.

மூலப் பத்திரம் செல்லரித்திருந்தால் பதிவு அலுவலகத்தில் நகல் மனு போடலாம். ஆனால் அங்கே இருப்பதும் அன்றைய எழுத்தர் மூலத்தைப் பார்த்துப் புத்தகத்தில் எழுதியதுதான். இரண்டும் கையில் இருந்து, பெயர் வேறுபட்டால், மூலத்தில் உள்ளதை முதலில் போட்டு, நகலில் உள்ளதைப் பக்கத்தில் குறித்து வையுங்கள்.