சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்: தூரமும் நேரமும்

சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் சிங்கப்பூர் - நியூயார்க் நேரடி விமானம் பற்றி வந்த கேள்விகளுக்கு என்னால் முடிந்த பதில்கள்.

உண்மையான தூரம் எவ்வளவு சார்?

சுமார் 15,350 கிலோமீட்டர். வீட்டில் உலக உருண்டை இருந்தால் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். சுவரில் மாட்டும் வரைபடத்தில் பசிபிக்கைத் தாண்டிப் போவதாகத் தோன்றும் பாதை, உருண்டையில் வடதுருவத்தை ஒட்டிப் போகும். இரண்டு ஊரும் பூமியின் ஏறக்குறைய எதிரெதிர்த் தீர்க்கரேகைகளில் இருப்பதே காரணம்.

அப்படியானால் என் மகன் போன விமானம் ஏன் ஜப்பான் பக்கம் போனது? திரையில் பார்த்தானாம்.

சரியாகத்தான் பார்த்திருக்கிறார். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலத்த காற்று ஓடுகிறது. அது முதுகில் தள்ளினால், தூரம் பல நூறு கிலோமீட்டர் கூடினாலும் நேரமும் எரிபொருளும் மிச்சம். காற்று தினமும் மாறும், பாதையும் மாறும். மனக்கணக்குக்கு, தூரத்தை 850-ஆல் வகுத்து அரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். இங்கே பதினெட்டரை மணி வரும்.

நள்ளிரவில் கிளம்பி விடியற்காலையில் இறங்குகிறதே, ஆறு மணி நேரம்தானா?

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூரில் இரவு 12-க்குக் கிளம்பினால், இறங்கும்போது சிங்கப்பூரில் மாலை 6:30. நியூயார்க் கோடையில் 12 மணி பின்தங்கி இருப்பதால் காலை 6:30. குளிர்காலத்தில் 13 மணி பின்தங்கும், அப்போது 5:30. அழைத்துப் போக வருபவரிடம் இதைச் சொல்லிவையுங்கள்.

அம்மாவுக்கு எகானமி டிக்கெட் தேடினேன், கிடைக்கவில்லை.

கிடைக்காது தங்கச்சி. இந்தத் தடத்துக்கான ஏர்பஸ் ஏ350 விமானத்தின் நெடுந்தூர ரகத்தில் எகானமியே இல்லை. மொத்தம் 161 இருக்கை: பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. டேங்க் நிறைய எரிபொருள் ஏற்றியபின் ஆள் கனத்தைக் குறைத்தாக வேண்டுமே. அம்மாவுக்கு மூட்டுவலி என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அனுப்புவதாக இருந்தால் பிராங்க்பர்ட்டில் நின்று போகும் விமானத்தைத்தான் எடுப்பேன். அதில் எகானமி உண்டு, நடுவில் கொஞ்சம் நடக்கலாம். எதில் போனாலும் செருப்பு தளர்வாக இருக்கட்டும். கால் வீங்கி, கழற்றிய ஷூவை மாட்ட முடியாமல் சாக்ஸோடு இறங்கியவன் நான்.

இந்தச் சேவையை நடுவில் நிறுத்தியிருந்தார்களே?

ஆமாம். 2004-இல் நியூயார்க்கை அடுத்த நுவார்க்குக்குத் தொடங்கி, 2013-இல் நிறுத்தினார்கள். அப்போது ஓடிய ஏ340-500-க்கு நான்கு எஞ்சின். எரிபொருள் செலவு கட்டுப்படியாகவில்லை. இரண்டே எஞ்சினுள்ள ஏ350 கைக்கு வந்ததும் 2018 அக்டோபரில் மறுபடி ஆரம்பித்தார்கள். நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்கு 2020 நவம்பரிலிருந்து.